பாஸான பையனை உட்கார வைத்த கமிஷனர்

எங்கள் லெமுவேல் அத்தானுக்கு கேரி நகரத்தில் கமிஷனர் என்றுதான் பெயர். கமிஷனர் உத்தியோகம் ஒன்றும் கிடையாது. ஏரிக்கரை எஃகு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க மேலே உட்கார்ந்து கீழே இருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, உலகமே தன் காலுக்குக் கீழே இருக்கிறது என்று நினைப்பு வந்துவிட்டது என்பது என் கணக்கு. ஊர்க்காரர்கள் கணக்கு வேறு. சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய கூடைப்பந்து லீக்கில் எவன் எப்போது சேரலாம், எவன் சேரக்கூடாது என்ற விதியெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லீக்கின் தலைவருக்குக் கமிஷனர் என்று பெயர், அதனால்தான் அந்தப் பட்டம்.

சனிக்கிழமை காலையில் ஓட்டிஸ் சலூனுக்குப் போனால் அவர் குரல்தான் தெருமுனை வரைக்கும் கேட்கும். முடி வெட்டிக்கொண்டு அரைமணி ஆகியிருக்கும், எழுந்து போகமாட்டார்.

"கேட்டுக்கோ. பத்தொன்பது வயசு ஆகணும். அது ஒண்ணு. அவன் வகுப்புப் பசங்க பள்ளிக்கூடம் முடிச்சு முழுசா ஒரு சீசன் தாண்டணும். அது ரெண்டு. இது ரெண்டும் இல்லேன்னா ஆண்டவனே வந்து பந்தப் போட்டாலும் லீக்குல சேத்துக்க மாட்டான்."

"ஆண்டவனுக்குப் பத்தொன்பது தாண்டியிருக்குமே கமிஷனர்?" என்பார் ஓட்டிஸ், கத்தரியை நிறுத்தாமல்.

"வயசு சரி. பள்ளிக்கூடம் முடிச்சாரா? அதச் சொல்லு."

இப்படி ஆண்டவனையே தகுதி நீக்கம் செய்கிற மனிதர். இந்த விதி வந்ததால்தான் தன் வாழ்க்கை கெட்டது என்று வேறு சொல்லிக்கொள்வார். முன்னே எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பையன்கள் நேராக லீக்குக்குப் போனார்கள், பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள், நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன் என்பார். வெளியூர்க்காரர்கள் கேட்டு உச்சுக் கொட்டுவார்கள். உண்மை என்னவென்றால், அந்த விதி வந்தபோது அத்தானுக்குக் கல்யாணமாகி, தொப்பை விழுந்து, மகன் டேரியன் வீட்டுக்குள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்திலும் அத்தான் பெஞ்சில்தான். ஆட்டம் ஒரு பக்கமாகத் தீர்மானமான பிறகுதான் அவரை இறக்குவார்கள். லெமுவேல் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினால், சரி, கோட்டை எடுத்து மாட்டு, வீட்டுக்குக் கிளம்பலாம் என்று ஊருக்கே தெரியும்.

அந்த மனிதரைத்தான் என் அக்கா வெர்னீஸ் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். குடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் ஆளாகப் போவார். வெள்ளிக்கிழமை மீன் பொரித்தால் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு ஒரு தட்டு போகும். ஒரே ஒரு வியாதி. தான் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு எல்லாம் சேர்த்து, மகன் லீக்கில் நிற்க வேண்டும்.

டேரியன் அந்த வியாதிக்கு வாகாக வந்து பிறந்தவன். கை நீளம், கால் நீளம், பந்து அவன் கையில் நாய்க்குட்டி மாதிரி சொன்னபடி கேட்கும். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதுதான் அத்தான் கண்ணில் படவில்லை. பையனுக்குப் படிப்பு வரும். கணக்கு என்றால் அவனுக்கு லட்டு. ஆறாவது முடித்தபோது டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, "இவன அடுத்த வருஷம் பெரிய வகுப்புக் கணக்குல உக்கார வெக்கலாம்னு இருக்கோம்," என்றாள். அக்கா அன்றைக்கு எனக்கு போன் பண்ணி அழுதாள். சந்தோஷ அழுகை.

அதே கோடையில் அத்தான் பையனை ஒரு போட்டிக்கு இந்தியானாபொலிஸ் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஆறாம் வகுப்பு அணி என்று வந்து நின்றதெல்லாம் மீசை முளைத்த பயல்கள். அத்தான் விசாரித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பன்கள் பெருமையாகச் சொன்னார்களாம்: "நம்ம பையன ஒரு வருஷம் நிறுத்திட்டோம்." எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம், வெளியே யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். ஒன்பதாவதில் கால் வைத்துவிட்டால் நான்கே வருஷம்தான் ஆடலாம், எண்ணிக்கை ஆரம்பித்துவிடும். அதனால் அதற்கு முன்னாலேயே பையனை ஒரு வகுப்பில் மறுபடி உட்கார வைப்பார்கள். கூடப் படிக்கிறவர்களைவிட ஒரு வருஷம் மூத்தவன், ஒரு சாண் உயரம், பத்துக் கிலோ கனம். தங்கள் அணிக்கு ஆள் எடுக்க வருகிற கல்லூரிக்காரன் வாயைப் பிளப்பான். சந்தைப் போட்டிக்குப் பூசணி வளர்க்கிறவன், பறிக்காதே, இன்னும் கொஞ்ச நாள் கொடியில் கிடக்கட்டும் என்பானே, அதே புத்தி.

அத்தான் திரும்பி வந்ததும் தலைமையாசிரியையிடம் போய் நின்றார். பையனை மறுபடி ஆறாவதில் போடுங்கள் என்றார்.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாராம். "பாஸான பையன எப்படிங்க நான் ஃபெயிலாக்கறது?"

அத்தான் சளைக்கவில்லை. எங்கள் சபை நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். அங்கே கேட்ட வகுப்பில் உட்கார வைப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி நான்தான். மத்தியானம் தட்டை நீட்டிக்கொண்டு ஆறாம் வகுப்பு வரிசையில் வந்து நின்றான் டேரியன்.

"என்னடா இங்க நிக்கிற? ஏழாவது வரிசை அந்தப் பக்கம்."

"நான் ஆறாவதுதான் சித்தி."

"ஏன்டா?"

"அப்பா யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னார்," என்றான். மாவுருண்டைக் குழம்பை வாங்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார்ந்தான்.

பேசக்கூடாது என்றதற்குக் காரணம், இந்த வித்தை எதிரணிக்குத் தெரிந்துவிடுமாம்! பெரிய ராணுவ ரகசியம். விளைவு என்ன? காரணம் தெரியாத ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. லெமுவேல் மகன் ஃபெயிலாகிவிட்டான். பாவம், படிப்பு ஏறவில்லை. சபையில் இருக்கிற மூத்த அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை அவன் தலையைத் தடவி, "முயற்சி பண்ணு கண்ணு, கர்த்தர் புத்தி குடுப்பார்," என்றார்கள். ஒரு வாரம் போதகர் அவன் பெயரைச் சொல்லி, இந்தப் பிள்ளைக்கு ஞானம் தாரும் ஆண்டவரே என்று ஜெபமே பண்ணிவிட்டார். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். பக்கத்தில் அவன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, ஊரே கேட்க, "ஆமென்!" என்கிறார். அன்றைக்கு நான் பாட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் மண்டையில் போட்டிருக்க வேண்டும். அக்கா முகத்துக்காக விட்டேன்.

இதோடு நின்றிருந்தாலாவது சரி. டேரியன் எட்டாவது முடித்தான். மறுபடியும் நல்ல மார்க். அந்த வருஷம் பக்கத்து ஊரில் இரண்டு தடவை நிறுத்தப்பட்ட பையன் ஒருவனை அத்தான் பார்த்துத் தொலைத்தார். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தார். நானும் இருந்தேன்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் வெர்னீஸ். இன்னும் ரெண்டு இஞ்ச் வளந்தான்னா எவனும் இவனத் தொட முடியாது."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அவன் கொழந்தைங்க. ஏற்கெனவே ஊரெல்லாம் மக்குன்னு சொல்லுது."

"ஊரு சொல்லும். லீக்குல நின்னான்னா அதே ஊரு கையத் தட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், அவன் என்ன ரொட்டி மாவா, இன்னும் கொஞ்சம் பொங்கட்டும்னு துணி போட்டு மூடி வைக்க?"

"ஆல்தியா, உனக்கு விதி தெரியாது."

"விதி தெரியாது. பையனத் தெரியும்."

"நாலு வருஷம் ஆடுவான். ஒரு வருஷம் காலேஜு. அப்புறம் லீக்கு. எல்லாம் இங்க இருக்கு," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். டேரியன் தட்டைக் கழுவப் போனான். மறுபடி எட்டாவது. மறுபடி என் சமையலறை வரிசை. தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். ஒரு தடவை நிறுத்தியதோடு விட்டிருந்தால் பின்னால் வந்த கஷ்டம் ஒன்றுமே வந்திருக்காது. ஆசைக்கு அளவு ஏது?

ஒன்பதாவதுக்கு நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் போனான். மூன்று வருஷம் வெள்ளிக்கிழமைகளில் ஆட்டம் நடக்கிற ஜிம்மில் இடம் கிடைக்காது. சும்மா சொல்லக்கூடாது, நானும் தொண்டை கிழியக் கத்தியவள்தான். பதினோராவதில் கல்லூரிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பளபளக்கிற சட்டை போட்டுக்கொண்டு வந்து அக்கா செய்த பீச் பழப் பணியாரத்தைத் தின்றுவிட்டு, "கடைசி வருஷ ஆட்டத்தையும் பாத்துட்டு எடம் குடுத்துடறோம்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தானுக்குக் கால் தரையில் இல்லை. லீக் தேர்வு நடக்கிற ராத்திரிக்கு எத்தனை கோழி பொரிக்க வேண்டும் என்று ஓட்டிஸ் சலூனில் விவாதம் நடந்தது. அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பன்னிரண்டாவது தொடங்கிய இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம் கோச் ஸ்டான்விக் வீட்டுக்கு வந்தார். அந்த வருஷம்தான் பொறுப்பேற்ற இளைஞர். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், டேரியனுக்கு மார்ச்சுல இருபது முடியுது."

"ஆமா. ஃபைனலுக்கு முந்தின வாரம்," என்றார் அத்தான். எதற்கும் தயாராக இருக்கிற மனிதர் அல்லவா! "அது எனக்குத் தெரியும் தம்பி. இருபது ஆனா பள்ளிக்கூடத்துக்கு ஆடக்கூடாது. பொறந்தநாள் வரைக்கும் ஆடட்டும். ஃபைனல் ஒண்ணு போனாப் போகட்டும். பாக்கறவன் எல்லாம் அதுக்குள்ள பாத்துடுவான்."

கோச் தொப்பியை இன்னொரு சுற்றுத் திருகினார். "விதி அப்படி இல்ல சார். ஃபைனல் நடக்கற அன்னிக்கு இருபது முடிஞ்சிருந்தா அந்த சீசன்ல மொத ஆட்டத்துலேருந்தே ஆட முடியாது."

"எந்த விதில இருக்கு?"

"பள்ளிக்கூட விதில சார். மாநிலச் சங்கம் போட்டது. எல்லாப் பள்ளிக்கூடத்துச் சுவத்துலயும் ஒட்டியிருக்கு."

லீக்கின் விதியை வரி வரியாக ஒப்பிக்கிற மனிதர், மகன் மூன்று வருஷமாக உடை மாற்றுகிற அறையின் சுவரைப் படிக்கவில்லை. மாடியையே பார்த்துக்கொண்டு நடந்தவருக்கு வாசற்படி தட்டிவிட்டது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்றால் ஏரியில் போய் விழுந்திருப்பேன்.

அத்தான் சட்டென்று எழுந்தார். "சரி! பள்ளிக்கூடம் வேணாம். வயசுதான் ஆயிடுச்சே. நேரா லீக்குக்குப் போகட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியாது. "அத்தான், அவன் வகுப்புப் பசங்க பள்ளிக்கூடம் முடிச்சு முழுசா ஒரு சீசன் தாண்டணும். அது ரெண்டு. சலூன்ல நீங்க சொன்னதுதான். இவன் வகுப்பு இன்னும் முடிக்கவே இல்ல."

அவர் அப்படியே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிழவன், லீக்குக்குக் குழந்தை. தகப்பன் கட்டிய கோட்டையில் மகனுக்கு நிற்கத் தரை இல்லை.

கோச்தான் மெல்லச் சொன்னார். சங்கத்தில் ஒரு குழு இருக்கிறது, விதிவிலக்கு கேட்டு முறையிடலாம். பையன் நோய்வாய்ப்பட்டு ஒரு வகுப்பில் தங்கியிருந்தாலோ, படிப்பு ஏறாமல் தங்கியிருந்தாலோ இரக்கம் காட்டுவார்கள். ஆட்டத்துக்காக வேண்டுமென்றே நிறுத்தியிருந்தால் மட்டும் கிடையாது.

"நோயி இல்ல," என்றார் அத்தான் யோசித்துக்கொண்டே. "டாக்டர் சீட்டு கேப்பான்." பிறகு முகம் மலர்ந்தது. "படிப்பு ஏறல. ஊருக்கே தெரியும், படிப்பு ஏறல. போதகரே ஜெபம் பண்ணியிருக்கார்!"

டேரியன் கதவருகில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

குழு முன்னால் நிற்க இந்தியானாபொலிஸ் போனோம். அத்தான் வண்டியை நம்பி ஊர் எல்லை தாண்ட முடியாது, அதனால் என் காரை நான் ஓட்டினேன். கோச் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். அத்தான் ஞாயிற்றுக்கிழமை கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பையனுக்கு மக்காக இருக்கப் பாடம் நடத்தினார். கொடுமையைக் கேளுங்கள்.

"கேள்வி கேட்டா ஒடனே பதில் சொல்லாத. மேல கூரையப் பாரு."

"சரிப்பா."

"எட்டேழு எவ்வளவுன்னு கேட்டா தடுமாறு."

"ஐம்பத்தாறு."

"டேய்! அதான் சொல்லாதங்கறேன்!"

அக்கா பின் சீட்டில் பையன் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பொரித்த கோழி டப்பா மடியில் இருந்தது. யாரும் தொடவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "ஆடணும்னு ஆசையாத்தானே இருக்கு உனக்கு?"

"ஆசையாத்தான்மா இருக்கு," என்றான் டேரியன். "ரொம்ப."

அது பொய்யில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வருஷம் ஆடாவிட்டால் கல்லூரிக்காரன் வேறு பையனுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவான் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பொய் சொன்னால் ஆட்டம் கையில். என் மனசும் அடித்துக்கொண்டது. சொல்லித் தொலைக்கட்டுமே, அப்பன் பண்ணிய வினைக்குப் பிள்ளை ஏன் அழ வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமதி ஆம்ஸ்டெட். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, எதிரில் ஒரு டம்ளர் தண்ணீர். அத்தான் எழுந்து நின்று சபையில் சாட்சி சொல்கிற குரலில் ஆரம்பித்தார்.

"மேடம், பெத்தவன் வாயால இதச் சொல்லக்கூடாது. ஆனா உண்மைய மறைக்கக்கூடாதே. எம்பையன் நல்லவன். கடவுள் அவனுக்குக் கையக் குடுத்தார், காலக் குடுத்தார். மண்டைல மட்டும் ஒண்ணும் வெக்கல. ஆறாவதுல முட்டிக்கிட்டான். எட்டாவதுல முட்டிக்கிட்டான். நான் ராத்திரியெல்லாம் கூட உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கேன்."

சொல்லிக் கொடுத்தாராம்! எட்டாவது கணக்கை அவர் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பார். அக்கா கைக்குட்டையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

திருமதி ஆம்ஸ்டெட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையனைப் பார்த்தார். "டேரியன், நீ சொல்லு. ஆறாவதுல உனக்குப் பாடம் புரியலியா?"

டேரியன் கூரையைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தான். அத்தான் முழங்கையால் இடித்தார். அந்தம்மா கேள்வியை மறுபடி கேட்டார், அவசரப்படாமல்.

"புரிஞ்சுது மேடம்," என்றான்.

"என்னது?"

"புரிஞ்சுது. மொத தடவையே புரிஞ்சுது."

"எட்டாவதுல?"

"அதுவும்தான். ரெண்டு தடவையும் நான்தான் ஃபர்ஸ்ட்."

"பயத்துல ஒளறறான் மேடம்!" என்று அத்தான் குதித்தார். "மந்தம், அதான்..."

"நீங்க உக்காருங்க சார்," என்றார் அந்தம்மா. அத்தான் உட்கார்ந்தார். "அப்புறம் ஏம்ப்பா ரெண்டு தடவ?"

"நான் வளரணும்னாங்க."

அந்தம்மாவுக்கு இடது பக்கம் இருந்தவர் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார். டேரியன் சிரிக்கவில்லை. ஆரம்பித்தவன் நிறுத்தவும் இல்லை. "என்கூடப் படிச்ச பசங்க எல்லாம் என்ன மக்குன்னாங்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொன்னதில்ல. சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னார். இப்ப நீங்க கேட்டீங்க. கேட்டது நீங்க ஒருத்தர்தான் மேடம். எனக்கு ஆடணும். ஆனா மக்குன்னு என் வாயாலயே சொல்ல முடியல."

திருமதி ஆம்ஸ்டெட் தண்ணீர் குடித்தார். பிறகு, "உனக்கு ஆடக் குடுக்க எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா முடியாது. உனக்குத் தெரியும்தானே?" என்றார்.

"தெரியும் மேடம்."

எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. நான் கொதிக்கிறவள், அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதேன். அந்த அறையில் தலை நிமிர்ந்து இருந்தவன் அவன் ஒருவன்தான்.

வெளியே படியில் வைத்து அத்தான் வெடித்தார். "ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆடியிருப்ப! காலேஜு, லீக்கு, எல்லாத்தையும் ஒதச்சுத் தள்ளிட்டியேடா! பன்னண்டு வருஷமா உனக்காக..."

"பன்னண்டு இல்லப்பா," என்றான் டேரியன். "பதினாலு."

அக்கா கோழி டப்பாவைத் திறந்து பையன் கையில் ஒரு தொடையை வைத்தாள். புருஷன் கைக்கு ஒன்றும் வைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது.

அதற்குப் பிறகு போன் நின்றுபோனது. பளபளக்கிற சட்டைக்காரர்கள் வேறு யார் வீட்டுப் பணியாரத்துக்கோ போய்விட்டார்கள். டேரியன் கணக்கு மார்க்கைக் காட்டி ஒரு கல்லூரிக்கு எழுதிப் போட்டான். அங்கேயும் ஒரு அணி இருக்கிறது, பெரிய அணி இல்லை, போய் நின்று பார்க்கிறேன், எடுத்தால் எடுக்கட்டும் என்றான். அத்தான் மகனோடு பேசுவதில்லை. சலூனுக்கும் போவதில்லை. ஓட்டிஸ் என்னிடம், "என்னம்மா, கமிஷனருக்கு முடி வளரறதே நின்னுபோச்சா?" என்று கேட்டார். "வளரட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கார்," என்றேன்.

அந்த சீசனின் முதல் வெள்ளிக்கிழமை வந்தது. போகாமல் இருக்கலாம் என்று நானும் அக்காவும் நினைத்தோம். டேரியன்தான் கிளம்பினான். "என் டீம் ஆடுது, நான் போகணும்ல," என்றான். மூன்று பேரும் நடு வரிசையில் உட்கார்ந்தோம். பையன்கள் பயிற்சிக்கு ஓடி வந்தார்கள். டேரியன் மடியில் வைத்திருந்த கைகள் தானாகப் பந்தைப் பிடிக்கிற மாதிரி விரிந்து விரிந்து மூடின. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தான் வந்தார். ஆலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வரிசையின் ஓரத்தில், டேரியனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

எங்களுக்குப் பின்னால் எதிரணி ஊர்க்காரர் இரண்டு பேர். ஒருவர் இன்னொருவரைக் கேட்டார்: "போன வருஷம் நம்மளத் தொவச்சு எடுத்தானே ஒரு நெட்டையன், அவன் எங்க?"

"அவனா? வயசு தாண்டிடுச்சாம். ரெண்டு தடவ ஃபெயிலாம். சுத்த மக்காம்."

டேரியன் திரும்பவில்லை. பழகிப்போனவன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தான் எழுந்தார். அந்த உடம்பு எழுந்தால் பின்னால் மூன்று வரிசைக்கு ஒன்றும் தெரியாது. முழுசாகத் திரும்பி நின்றார்.

"ஃபெயிலா? எவன்யா சொன்னான் ஃபெயிலுன்னு?" ஜிம்மின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "எம்பையன் ஆறாவதுல ரெண்டு தடவ பாஸு! எட்டாவதுல ரெண்டு தடவ பாஸு! கணக்குல ரெண்டு தடவையும் ஃபர்ஸ்ட்டு! இந்தக் கட்டடத்துல வேற எவனாவது உண்டா?"

வெட்கம் கெட்ட மனுஷன், அதையும் பீற்றிக்கொள்ளத்தான் செய்தார். சபையில் ஆமென் சொன்ன அதே தொண்டை. சபை அம்மாக்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள், எல்லாத் தலையும் திரும்பிவிட்டது.

பின்னால் இருந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாஸுன்னா அப்புறம் ஏன்யா ரெண்டு தடவ படிச்சான்?"

எதற்கும் ஒரு விதி வைத்திருக்கிற மனிதர். மகனை ஒரு தடவை பார்த்தார்.

"அவனப் பெத்தவன் மடையன்," என்றார். "அவ்வளவுதான்."

சொல்லிவிட்டும் உட்காரவில்லை. உட்காரத் தெரியாதவர் மாதிரி அங்கேயே நின்றார்.

டேரியன் நகர்ந்து, நடுவில் இருந்த காலி இடத்துக்கு வந்து, அவர் கோட்டு முனையைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருங்கப்பா," என்றான். "ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."